ஏழு சிவப்புக் குண்டூசிகள்

அத்தியாயம் 17

சின்னவளைத் திட்டிக் கடிதம் போட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். "கூடப்பிறந்தவள் கடைக்கே குழி பறித்தாளே, இவளுக்கு எப்போது தண்டனை?" என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டனை வந்துவிட்டது. இரண்டு துணிப் பைகளில், பைக்கு ஆறு கிலோ வீதம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. நாற்பத்தாறு கிளைகள் உள்ள மலிவு விலைச் சூப்பர் மார்க்கெட் அது. முப்பத்தொன்றாம் நம்பர் கடையை நடத்துகிறவள் பெரியவள். தலைமை அலுவலகத்தில் எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கிற வரைபடப் பிரிவில் சின்னவள். சுவர் முழுக்க ஒரு வரைபடம், கடைக்கு ஒரு குண்டூசி. பச்சை இருந்தால் கடை இருக்கும். சிவப்பு என்றால் மூடுவிழா.

போன வாரம் முப்பத்தொன்றுக்குச் சிவப்பு குத்தியது சின்னவளின் கைதான்.

கம்பெனி விதி அப்படி. ஒரு கடையிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இன்னொரு கடை இருந்தால், இரண்டில் ஒன்று வீண். முப்பத்தொன்றிலிருந்து பதினாலாம் நம்பர் கடைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று கணினி சொன்னது. அக்கா கடை என்று சலுகை காட்டினாள் என யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று சின்னவள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தாள். பன்னிரண்டு சரிதான் என்று அவள் காலே சாட்சி சொன்னது. பத்து வருஷம் அந்த வழியில்தான் பள்ளிக்கூடம் போனாள். நடுவில் ரயில்வே கேட். கேட்காரர் அவளுடைய அப்பா.

அந்தக் கேட்டை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வேக ரயில் வந்ததும் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இரும்பு வேலி போட்டுவிட்டார்கள். அப்பாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகித் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் குடிபோன சின்னவள் அப்பாவைப் பார்க்க வருவதெல்லாம் மேம்பாலம் வழியாக பஸ்ஸில். எல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் குண்டூசியைக் கையில் எடுத்தபோது கேட் மூடிய நினைப்பு வரவில்லை. வேறு யாராவது என்றால் கணினியைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை விசாரித்திருப்பார்கள். கேட்காரர் மகள் தன் காலை நம்பினாள், ஏமாந்தாள்.

நேற்று போனில் பெரியவள் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா பூட்டின கேட்டை நீ எப்படிடி திறந்தே?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்குக் காலைல பதினாலாம் நம்பர் கடைக்குப் போ. அங்கே சாமான் வாங்கு. தூக்கிக்கிட்டு என் கடைக்கு நடந்து வா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுதான்னு பார்ப்போம்."

என்ன சாமான் என்றும் அவளே சொன்னாள். அவள் தெருவில் ஒரு தையல்காரி இருக்கிறாள். அவள் வாரா வாரம் வாங்குவது: ஐந்து கிலோ மாவு, இரண்டு லிட்டர் எண்ணெய், மூன்று கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கிலோ சோப்புத் தூள், ஒரு டப்பா பால் பவுடர்.

காலை எட்டு மணிக்கு பதினாலாம் நம்பர் கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக உள்ளே போனவள் சின்னவள். எட்டு இருபதுக்குப் பையோடு வெளியே வந்தாள். ஏழாவது நிமிடம் வேலிக்கு முன்னால் நின்றாள்.

எதிர்ப்பக்கம், இரண்டு வேலிக்கும் நாலு தண்டவாளத்துக்கும் அப்பால், அப்பா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டிய கொடி இரண்டு. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியவை. "மறந்துட்டேன்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஏழு நிமிஷம்!" என்று கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். "பரவாயில்லையே! இன்னும் அஞ்சு நிமிஷம் நடந்தா அக்கா கடைம்மா! வா, வா!"

"அப்பா, எரியிற நெருப்புல எண்ணெயை ஊத்தாதீங்க!"

"எண்ணெய் உன் பையிலதான் இருக்கு!"

அவர் தோளுக்குப் பின்னால், தெருக்கோடியில், முப்பத்தொன்றாம் நம்பர் கடையின் மஞ்சள் பலகை பளிச்சென்று தெரிந்தது. பலகையில் விட்டுப்போன ஓர் எழுத்துகூடத் தெரிந்தது. சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை.

அப்பா பச்சைக் கொடியை விரித்து மேம்பாலம் இருக்கும் திசைக்கு ஆட்டினார். "போ, போ. லைன் கிளியர்."

மேம்பாலத்துக்குப் போக வேலி ஓரமாகவே இருபது நிமிடம். நடைபாதை கிடையாது. லாரிகள் முழங்கையை உரசுகிற மாதிரி போயின. பாலத்தில் ஏறும்போது மாவுப் பையின் காது உள்ளங்கையை அறுத்தது. பையை இறக்கி வைத்தாள், கை மாற்றினாள், தூக்கினாள். முப்பத்திரண்டு வயசுக்காரிக்கே இந்தப் பாடு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவளுக்கு?

பாலத்தின் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வந்த பக்கம் பெருஞ்சாலை. அதை ஒட்டி அவளுடைய கம்பெனியின் மஞ்சள் பலகைகள் ஒன்று, இரண்டு, மூன்று. லாரி ஒரே ஓட்டத்தில் சரக்கை இறக்கிக்கொண்டே போக வசதியாகத் திறந்த கடைகள். போகிற பக்கம் வீடுகள், வீடுகள், கண்ணுக்கெட்டிய மட்டும் வீடுகள். அங்கே ஒரே ஒரு மஞ்சள் பலகை.

அந்த ஒன்றைத்தான் அவள் பிடுங்கப் பார்த்திருக்கிறாள். பாலத்தில் நின்று தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். இங்கே அச்சிட முடியாத வார்த்தைகள்.

கடை வாசலில் பெரியவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தனை?"

"அறுபத்துமூணு நிமிஷம்."

"உட்காரு. தண்ணி குடி." குரலில் இன்னும் சூடு ஆறவில்லை. ஆனால் சொம்பை அவளே எடுத்து வந்து நீட்டினாள். தங்கையின் உள்ளங்கையில் இரண்டு சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்லா மேஜையில் ஓர் உறை கிடந்தது. "இந்தக் கிளை மூடப்படுகிறது" என்ற அறிவிப்பு. கண்ணாடிக் கதவில் ஒட்டச் சொல்லி நேற்றே வந்தது.

"ஒட்டலையா?"

"என் கையால ஒட்ட மாட்டேன். வேணும்னா உன் குண்டூசி சாரை வந்து நாக்கால நக்கி ஒட்டச் சொல்லு."

குண்டூசி சார் என்பது சின்னவளின் மேலதிகாரி. சட்டைக் காலரில் எப்போதும் நாலு குண்டூசி செருகியிருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

"பதினோரு மணிக்குக் கூட்டம் அக்கா. டைரக்டர் மேடம் வர்றாங்க. ஏழு கடையை மூடுற பட்டியல்ல கையெழுத்துப் போட."

"தெரியும். போய் என்ன சொல்லப் போறே?"

"தப்பு என்னோடதுன்னு."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் வேலைக்கு உலை வெச்சுக்கப் போறே."

"நீயும் பதினோரு வருஷமா இங்கேதானே நிக்கறே. உன் வேலைக்கு நான் வெச்ச உலையை யாரு இறக்குறது?"

சின்னவள் எழுந்து இரண்டு பைகளையும் திரும்பத் தூக்கினாள்.

"அடியே, சாமானை எங்கே தூக்கிட்டுப் போறே? தையல்காரி வீட்டுல குடுத்துடலாம்னு இருந்தேன்."

"சாயங்காலம் குடுப்போம். இப்ப இதுக்குக் கூட்டத்துல வேலை இருக்கு."

---

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூட்ட அறைக்குள் நுழைந்த சின்னவள், மேஜை நடுவில் பைகளை 'தொம்'மென்று வைத்தாள். மேஜை அதிர்ந்தது. குண்டூசி சாரின் தேநீர் பாதி தட்டில் கொட்டியது.

"என்னம்மா இது?"

"பன்னிரண்டு நிமிஷம் சார்."

டைரக்டர் மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அதிகம் பேசாத பெண்மணி. அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அலுவலகத்தில் யாராவது ஒருவருக்கு வியர்க்கும்.

சின்னவள் எதையும் மறைக்கவில்லை. முப்பத்தொன்றுக்குச் சிவப்பு குத்தியது தான் என்றாள். கணினியில் இருக்கிற சாலை இரண்டு வருஷத்துக்கு முந்தையது, அதில் ரயில்வே கேட் இன்னும் திறந்தே இருக்கிறது, அதைக் கவனிக்காதது தன் தப்பு என்றாள். காலையில் நடந்த அறுபத்துமூன்று நிமிடத்தைச் சொன்னாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"அந்தக் கேட் மூடினது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"மூடினவர் எங்க அப்பா மேடம்."

யாரோ இருமினார்கள். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

குண்டூசி சார் சமாளித்துக்கொண்டார். தேன் ஒழுகும் குரலில், "சரிம்மா. உங்க அக்கா கடை. மனசு கேக்கல. புரியுது. நாங்களும் குடும்பம் குட்டியோட இருக்கறவங்கதானே?" என்றார். மேடம் பக்கம் திரும்பினார். "முப்பத்தொண்ணை மட்டும் தள்ளி வெச்சிடலாம் மேடம். மீதி ஆறுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க."

அறையில் எல்லாருக்கும் நிம்மதி. மேடம் பேனா மூடியைத் திருகினார்.

அக்கா கடை பிழைத்தது. சின்னவள் உட்கார்ந்தால் போதும். நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் தயாராகவே இருந்தது. சொல்லப்போனால் அவள் பாதி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எதிர்ச் சுவரின் வரைபடம் கண்ணில் பட்டது. ஐந்து வருஷமாக தினமும் பார்க்கிற வரைபடம். அதில் சாலைகள் இருந்தன. கிடங்குகள் இருந்தன. பெட்ரோல் பங்க்குகள்கூட இருந்தன. ரயில் பாதை இல்லை. சரக்கு லாரி தண்டவாளத்தில் ஓடாது, அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

சின்னவள் எழுந்து போய் நீல மார்க்கரை எடுத்தாள்.

"அம்மா, என்ன பண்றே? அது அச்சடிச்ச மேப்பு!" என்று பதறினார் குண்டூசி சார்.

மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்த வயசில் அவள் கேட் படித்தவள். அப்பாவோடு வேலை பார்த்த கேட்காரர்கள் எல்லாரும் அவளுக்கு மாமாக்கள். பீடி மாமா கேட், பாட்டுக்கார மாமா கேட், கோபக்கார மாமா கேட் என்று வடக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தாள். மார்க்கர் கீச்சென்றது.

"இதுதான் தண்டவாளம். வேக ரயில் வந்த வருஷம் இந்தக் கேட் எல்லாத்தையும் மூடிட்டாங்க. எங்க அப்பாவோட சேர்த்து பதினாலு பேருக்கு ஒரே நாள்ல மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாலம் இருக்கிறது மூணே இடம்." கோட்டுக்கு வலது பக்கத்தில் கையை வைத்தாள். "இந்தப் பக்கம் முப்பத்தொன்பது கடை. எல்லாம் பெருஞ்சாலையை ஒட்டி." கையை இடது பக்கம் நகர்த்தினாள். "அந்தப் பக்கம் ஏழு கடை. மொத்தமே ஏழுதான் மேடம். ஏழும் சிவப்பு."

மேடத்தின் பேனா நின்றது. "அப்போ இதுல நான் கையெழுத்துப் போட்டா அந்தப் பக்கம்..."

"ஒரு கடையும் இருக்காது."

"நாம ஒண்ணும் தர்ம சத்திரம் நடத்தலையே மேடம்," என்றார் குண்டூசி சார். தேன் வற்றிவிட்டது. "விதின்னா விதி."

"விதியில பதினஞ்சு நிமிஷம்னு இருக்கு சார். நான் விதியைத்தான் கேக்கறேன்," என்றாள் சின்னவள். சொல்லிக்கொண்டே சிவப்பு ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதும் கைக்கு வந்தது. கையை மூடிக்கொண்டாள்.

"ஊசியைத் திரும்பக் குத்து."

"மாட்டேன் சார்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும். தப்பா குத்தினதுக்கே போயிருக்கணும். குத்தினப்போ நல்ல பொண்ணுன்னீங்க. பிடுங்கினா மட்டும் போகுமா?"

ஐந்து வருஷத்தில் அவள் இந்த அறையில் 'சரி சார்' தவிர வேறு சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. புதிதாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

மேடம் கேட்டார். "ஏழு இடமும் நடந்து பார்த்தீங்களா?"

"ஒண்ணுதான் நடந்தேன். ஆறு பாக்கி."

"திங்கட்கிழமைக்குள்ள ஆறையும் நடந்துட்டு வாங்க. ஒண்ணாவது பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள இருந்தா?"

"நானே சிவப்பு குத்திட்டு, ராஜினாமா கடுதாசியையும் பக்கத்துல குத்திட்டுப் போறேன்."

மேடம் பேனாவை மூடினார்.

கதையை இங்கேயே நிறுத்தினால் இந்த வாரம் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம். குண்டூசி சாரின் போன் விடவில்லை. எடுத்துக் கேட்டவருக்கு முகம் கறுத்தது.

"என்னது? சிவப்புக் கொடியா? யாருய்யா அந்தக் கிழவன்?"

லாரி டிரைவரின் குரல் போனுக்கு வெளியே வழிந்தது. முப்பத்தொன்றாம் நம்பர் கடையிலிருந்து மூன்று ஃப்ரீசர்களை ஏற்றிக்கொண்டு வர வந்திருக்கிறான். ஒரு பெரியவர் கடை வாசலில் நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்திருக்கிறார். ஹாரன் அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைக்காரம்மா வேறு அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

அது யார் என்று சின்னவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது.

"கையெழுத்தே ஆகலை. லாரி எப்படிப் போச்சு?" என்றார் மேடம்.

குண்டூசி சாருக்கு வியர்த்தது. ஆனால் மனுஷன் பழம் தின்று கொட்டை போட்டவர். "ஞாயித்துக்கிழமை பெருஞ்சாலையில நாப்பத்தேழாம் கடை திறக்கறோம் மேடம். அதுக்கு ஃப்ரீசர் தாமதமாகக் கூடாதுன்னு நீங்கதானே எழுத்துல உத்தரவு போட்டீங்க?"

மேடம் பேனாவைக் கையில் உருட்டினார். போட்ட உத்தரவு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை பேச்சு அப்படியே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆனா புதுக் கடை திறப்பு நிக்கக் கூடாது. ஃப்ரீசர் வரட்டும். அந்தப் பெரியவரை முதல்ல எழுந்திருக்கச் சொல்லுங்க."

குண்டூசி சார் வெற்றியோடு போனை சின்னவளிடம் நீட்டினார். "உங்க அப்பாதானே? நீயே சொல்லு. அஞ்சு நிமிஷத்துல வண்டி நகரலைன்னா போலீஸைக் கூப்பிடுவேன். வயசான காலத்துல அவருக்கு இது தேவையா?"

ஃப்ரீசரை ஏற்றிவிட்டால் ஊசியைப் பிடுங்கி என்ன, குத்தி என்ன? பால் இல்லாத, வெண்ணெய் இல்லாத கடைக்குத் திங்கட்கிழமை யார் வருவார்கள்? ஆள் வராத கடையை மூட விதிகூடத் தேவையில்லை. இது சின்னவளுக்குத் தெரியும். குண்டூசி சாருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

அவள் போனை வாங்கினாள். டிரைவர் யாரிடமோ கொடுத்தான்.

"யாரு?" என்றது அப்பாவின் குரல்.

"நான்தான்ப்பா."

"கூட்டம் முடிஞ்சுதா? பாரேன், இந்தத் தம்பி ரொம்ப அவசரப்படுறார். முப்பது வருஷம் லாரியை நிறுத்தறதுதானே என் பொழப்பு? இதைவிடப் பெரிய லாரி, இதைவிட அவசரக்காரங்க, எத்தனை பேரை நிறுத்தியிருக்கேன்?" குரல் தணிந்தது. "போலீஸ்னு ஏதோ சொல்றாங்கம்மா. நீ சொல்லு. உனக்கு வேலைக்குக் கெடுதல்னா நான் எழுந்துடறேன். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அறையில் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மேடமும்தான். மூடிய கைக்குள் ஏழு ஊசியும் சுருக் சுருக்கென்று குத்தின. சின்னவள் கையைத் திறக்கவில்லை.

"அப்பா," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "கொடியை இறக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

அந்தப் பக்கம் கொடி காற்றில் படபடப்பது கேட்டது. பிறகு, இரண்டு வருஷமாக அவர் வாயில் வராத கேட்காரர் வார்த்தை வந்தது, பழைய மிடுக்கோடு.

"சரிம்மா. கேட் அடைச்சாச்சு."

அவருக்குப் பின்னால் லாரி உறுமுகிற சத்தமும், "அப்பா!" என்று பெரியவள் கத்துகிற சத்தமும் கேட்டன. லைன் அறுந்தது.